தளிரும் பழுப்பும்

ஆங்கில நாட்டுக் கதைகளையும் பாட்டுக்களையும் பயிலும் மாணவர், 'இலையுதிர் காலம்' என்னும் தொடரை அடிக்கடி காண்பர். செப்டம்பர் முதல் நவம்பர் வரையுள்ள திங்கள்களே அக்காலம் என்றும், அப்போது மரங்கள் பொன்னும் செம்பும் போல நிறம் மாறி இலைகளை உதிர்க்கும் என்றும் அவர் படிப்பர். படித்ததை அப்படியே நம்பி, 'ஐப்பசித் திங்களில் எங்கள் ஊர் மரங்கள் இலையுதிர்த்து நிற்கின்றன' என்று ஒரு மாணவர் கட்டுரை வரைவாராயின், பள்ளிச் சாளரத்தின் வெளியே மழையில் நனைந்து பச்சைப் பசேலென்று நிற்கும் வேம்பு அதனை மறுத்துரைக்கும். ஐப்பசி நமக்கு அடைமழைத் திங்கள். காஞ்சிபுரம், செங்கற்பட்டு மாவட்டங்கள் ஆண்டு மழையின் பெரும்பகுதியைப் பெறுவது அக்காலத்து வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினாலேயாம். மரங்கள் தழைத்து நிற்கும் காலம் அது. உதிர்க்கும் காலம் அன்று.

நம் முன்னோர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இவற்றுள் இலையுதிர்வுக்கு உரியது பின்பனியே. மக்கள் பிரிவுத் துயரினைப் பாடும் பாலைத் திணைக்கு வேனிலைப் பொழுதாக வகுத்த தொல்காப்பியர், பின்பனியையும் அதற்கு உரியதாக்கினார். இலை வற்றி, கிளை வறண்டு, நிழலற்று நிற்கும் மரங்களைக் கண்ணாரக் கண்டவர் வகுத்த வரையறை அது. வாகை மரத்தின் உலர்ந்த நெற்றுக்கள் காற்றில் கலகலவென ஒலிப்பதனைக் கழைக்கூத்தாடுவோரின் பறையொலிக்கு ஒப்பிட்ட சங்கப் புலவரும் அவ்வறுமைக் காலத்தையே பாடினார்.

ஆயினும், குளிர்நாட்டு இலையுதிர்வின் அழகினை நாம் இகழ்தல் ஆகாது. கானடா நாட்டின் டொராண்டோ நகரில் தமிழர் பலர் வாழ்கின்றனர். செப்டம்பர் இறுதியில் அவர்களும் பிறரைப் போலவே உந்துவண்டிகளில் வடக்கே புறப்படுவர். ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணத்தில் 1893ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அல்கோன்குவின் பூங்கா உளது. 60ஆம் எண் நெடுஞ்சாலை அப்பூங்காவின் ஊடாக 56 கிலோமீட்டர் செல்லும். சாலையோரத்தே ஆங்காங்கு வண்டியை நிறுத்திவிட்டு, காட்டினுள் நடந்து சென்று குன்றேறிக் காண்பதற்கென அடிவழிகள் பல வகுத்துள்ளனர். குன்றின் உச்சியில் நின்று நோக்கின், மேப்பிள் மரங்கள் செந்நிறமும் செம்மஞ்சள் நிறமும் கொண்டு, தீப்பற்றிய காடு புகையின்றி எரிவது போலத் தோன்றும். 1965இல் கானடா நாட்டினர் தமக்கெனக் கொடி அமைத்தபோது, அம்மேப்பிள் இலையையே செந்நிறத்தில் அதன் நடுவே பொறித்தனர்.

அவ்வண்ணங்கள் எவ்வாறு தோன்றுகின்றன? இலையின் பசுமைக்குக் காரணம் பச்சையம் என்னும் பொருள். பகற்பொழுது குறுகிக் குளிர் மிகும்போது, மரம் இலையிலுள்ள சத்துக்களைக் கிளைக்குள் திரும்ப வாங்கிக்கொள்ளத் தொடங்கும். அப்போது பச்சையம் சிதைந்து மறையும். அதன்கீழ் முன்பே மறைந்திருந்த மஞ்சள் நிறப் பொருள்கள் வெளிப்படும். கரோட்டினாய்டு என்பது அவற்றின் பெயர். செந்நிறமோ அவ்வாறு மறைந்திருந்தது அன்று. ஆந்தோசயனின் என்னும் செஞ்சாயத்தை இலை தன் இறுதி நாள்களில் புதிதாக ஆக்குகின்றது. பகல் வெயிலாகவும் இரவு குளிராகவும் இருப்பின் அந்நிறம் மிகும். பின்னர்க் காம்பின் அடியில் ஒரு மெல்லிய படலம் தோன்றி இலையைக் கிளையினின்றும் பிரிக்க, அது காற்றில் உதிரும். சத்தை மீட்டுக்கொண்ட பின்னரே மரம் இலையைக் கைவிடுகின்றது என்பது கருதற்பாலது. நன்கு கணக்கறிந்த குடித்தனக்காரர் செயல் அது.

நம் நாட்டு மரங்களை வாட்டுவது குளிர் அன்று, நீரின்மையே. மழை ஓய்ந்து, ஏரி வற்றத் தொடங்கும் மாசியில், இலைகளின் வழியே நீர் ஆவியாகிக் கழியாதவாறு மரம் அவற்றை விடுக்கின்றது. அவ்வாறு விடுக்கும் இலைகளிற் பல வெறும் மஞ்சளும் பழுப்புமாய் உதிர்ந்து போகும். மேப்பிள் காட்டின் கோலத்தை அங்குத் தேடுவோர் ஏமாறுவர். நாட்டு வாதுமை ஒன்று மட்டுமே இதற்குப் பெரிய விலக்கு. அகன்ற அதன் இலைகள் உதிருமுன் குருதிச் சிவப்பாக மாறும். பள்ளி முற்றங்களில் அம்மரம் நிற்குமிடங்களில், கொட்டையை உடைத்துத் தின்னும் சிறுவர் காலடியில் அச்செவ்விலைகள் கிடப்பதைக் காணலாம்.

அப்படியாயின் தமிழ்நாட்டு மரங்களுக்கு வண்ணக்கோலம் இல்லையோ எனின், உண்டு; ஆனால் அது வேறிடத்தே உளது. அங்கே இலை இறக்கும்போது சிவக்கின்றது. இங்கே பிறக்கும்போது சிவக்கின்றது. இவ்வேறுபாட்டினை அறியாதார் ஐப்பசியில் மரத்தை நோக்கி ஒன்றுமில்லை என்பர்; பங்குனியில் நோக்கவே மாட்டார்.

நம் மொழியே இதற்குச் சான்று. இலையின் பருவங்களைத் தமிழர் கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு எனப் பெயரிட்டு வழங்கினர். இவற்றுள் புலவர் நெஞ்சைப் பெரிதும் கவர்ந்தது தளிரே. சங்கச் செய்யுட்களில் மகளிர் மேனி நிறத்தை 'மாமை' என்பர். அது மாந்தளிரின் நிறம் என்று உரையாசிரியர் விளக்குவர். நூலைப் பாராதவரும் இந்நிறத்தை அறிவர். காஞ்சிபுரத்துப் பட்டுக் கடையில், 'மாந்துளிர் நிறத்தில் ஒரு புடவை எடுங்கள்' என்று கேட்கும் மூதாட்டியார் எந்நிறத்தைச் சொல்கிறார் என்று நெசவாளர்க்கு விளக்க வேண்டுவதில்லை. செம்பும் இளஞ்சிவப்பும் பழுப்பும் கலந்து, பளபளப்பும் மென்மையும் கூடிய அந்நிறத்தை வேறு எச்சொல்லாற் கூறுவது? அவ்வூர் ஏகாம்பரநாதர் கோயிலின் பெயரிலேயே மாமரம் ஒன்று நிற்கின்றது; ஏகாம்பரம் என்பதற்கு ஒற்றை மா என்று பொருள் கூறுவர். மாமரம் முழுதும் இலையுதிர்த்து வெறுமையாக நிற்பதில்லை. ஆயினும், பழைய இலைகளின் மேலே கொத்துக் கொத்தாகச் செந்தளிர் தொங்கவிடுவதில் அதனை வெல்லும் மரம் அரிது.

தளிர் ஏன் சிவக்கின்றது? குளிர்நாட்டு முதிர்ந்த இலையைச் சிவப்பிக்கும் அதே ஆந்தோசயனினே இங்கே பிஞ்சு இலையையும் சிவப்பிக்கின்றது. பச்சையம் இன்னும் நிரம்பாத மெல்லிய தளிர் கடும் வெயிலைத் தாங்காது. அச்செஞ்சாயம் அதற்குக் குடை போலாகின்றது என்று தாவர நூலார் பலர் கூறுவர். புழு பூச்சிகள் தளிரை உண்ணாமற் காப்பதும் அதன் பயன் என்பர் வேறு சிலர். சில நாள்களில் பச்சையம் நிரம்ப, சிவப்பு மறையும்.

நீலகிரியின் உயரமான சோலைக்காடுகளில் இச்செந்தளிர்க் காட்சி மலைச்சரிவு முழுவதும் பரந்து தோன்றும். இலங்கையின் நாட்டு மரமாகிய நாகமரமும் செந்தளிருக்குப் பெயர் பெற்றதே. ஆனால் இத்தளிரினைக் காண மலைக்கும் கடல் கடந்தும் போதல் வேண்டுவதில்லை. தமிழகத்தில் தொழிற்சாலைகள் மிகச் செறிந்த சாலைகளுள் ஒன்றிலேயே அதனைக் காணலாம்.

சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்பூதூர் செல்லும் சாலை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளமுடையது. வண்டலூரிலிருந்து வாலாசாபாத்துக்குச் செல்லும் சாலை அதனை ஒரகடத்திற் குறுக்கிடும். இராமாநுசர் பிறந்த ஊர் என்று ஆயிரம் ஆண்டுகளாகப் போற்றப்படும் திருப்பெரும்பூதூர், இன்று உந்துவண்டிகள் பிறக்கும் ஊராகவும் விளங்குகின்றது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ, நிசான் நிறுவனங்களின் கூட்டு ஆலை திறக்கப்பெற்றது. இருங்காடு என்பதற்குப் பெருங்காடு என்று பொருள். மற்றொரு தொழிற்பூங்கா அமைந்த மாம்பாக்கம் என்னும் ஊர்ப்பெயர் மாமரத்தை நினைப்பூட்டும். காடு போனபின்னும் பெயர் போகாதிருத்தல் தமிழ்நாட்டில் எங்கும் உள்ளதே.

பங்குனித் திங்களில் ஒரு விடுமுறை நாள் விடியற்காலையில் இச்சாலையிற் செல்க. வெயில் ஏறியபின் செல்லுதல் பயனில்லை. கண் கூசும், நிறமும் வெளுத்துத் தோன்றும். கீழ்த்திசைக் கதிர் தளிரின் பின்னிருந்து வரும்போதே அதன் செம்மை முழுதும் விளங்கும். பேருந்தின் சாளரத்தருகே அமர்ந்து செல்வதே போதும். முறைவேலைக்கு ஆள்களை ஏற்றிச் செல்லும் ஆலைப் பேருந்துகள் வரிசையாக எதிர்ப்படும். அவற்றுள் அமர்ந்திருப்போர் இரவெல்லாம் உழைத்துக் கண்ணயர்ந்து வருவோர். அவர்கள் மரத்தை நோக்கவில்லை என்று குறைகூறுதல் முறையன்று. அவர்தம் மக்கள் நோக்கலாம்.

சிற்றூர்க் கோயில்களின் முன்னே நிற்கும் அரசினை முதலிற் காண்க. பழைய இலைகளையெல்லாம் உதிர்த்த சில நாள்களுக்குள், செம்பினைத் தகடாக அடித்துத் தொங்கவிட்டாற் போலத் தளிர்கள் தோன்றும். அவற்றின் காம்பு நீண்டது; ஆதலால் மற்ற மரங்கள் அசையாது நிற்கும்போதும் அரசந்தளிர் நடுங்கும். இலுப்பை எங்கேனும் எஞ்சியிருப்பின் அதன் நுனிக்கிளைகளிலும் செம்பு நிறமே. வேம்பின் தளிர் கருஞ்சிவப்பு. அருகிற் சென்றாலன்றித் தெரியாது. அது பச்சையாகி முடியுமுன்பே பூக்கத் தொடங்கிவிடும். சித்திரை முதல் நாள் பச்சடியில் இடுவது அப்பூவே. புங்கின் தளிர் முதலிற் சிறிது சிவந்து, விரைவில் எண்ணெய் பூசியது போன்ற இளம்பச்சையாக ஒளிரும். புளியங்கொழுந்தின் நிறம் வெளிறிய பசுமை. அதன் சிறப்பு கண்ணைவிட நாவுக்கே உரியது. பருப்பிலிட்டுக் கடைந்த புளியங்கொழுந்தினை உண்டறிந்தவர் இவ்வுரையை மறுக்கார்.

சாலையிற் கண்டபின் நடந்து காண விரும்புவோர்க்கு ஏரிக்கரைகளே ஏற்ற அடிவழிகள். இவ்வட்டாரம் ஏரிகளால் நிறைந்தது. கரைமேல் நடந்தால் ஒருபுறம் வற்றிவரும் நீர்ப்பரப்பும், மறுபுறம் மரச்செறிவும், அப்பால் ஆலைகளின் நீண்ட தகரக்கூரைகளும் தோன்றும். காலடியிற் சருகு நொறுங்கும் ஓசையும் கேட்கும்.

அச்சருகு குறித்து ஒன்று கூற வேண்டும். ஆலை வளாகங்களிலும் புதிய குடியிருப்புக்களிலும், சருகு குப்பையாகக் கருதப்படுகின்றது, கூட்டி எரித்துவிடுகின்றனர். எரிந்தது மண்ணுக்கு வரவேண்டிய உணவு. சருகு விழாத மரமாக வேண்டும் என்று கேட்டு, ஆண்டு முழுதும் ஒரே பச்சையாய் நிற்கும் அயல்நாட்டுச் செடிகளைக் கத்தரித்து வளர்ப்பவரும் உளர். அவ்விடங்களில் நடக்கும் மாணவர்க்கு மாசியும் ஐப்பசியும் ஒன்றே. சாலைகளை அகலப்படுத்தும்போது ஓரத்துப் பழைய மரங்கள் வீழ்கின்றன. தொழிலும் சாலையும் வேண்டுவனவே. ஆனால் வீழ்த்திய புளிக்கு ஈடாகப் பத்துச் செடிகள் நட்டோம் என்று கூறும் கணக்கில், நட்டவை எவை, அவற்றுள் பிழைத்தவை எத்தனை என்ற வினாக்களும் இடம்பெறுதல் வேண்டும்.

இவ்வட்டாரத்து மாணவர் செய்யத்தக்க எளிய பணி ஒன்று உண்டு. சீசன்வாட்ச் என்னும் திட்டத்தின்கீழ் இந்தியாவின் பல பள்ளி மாணவர்கள் தமக்கென ஒரு மரத்தைத் தெரிந்துகொண்டு, வாரந்தோறும் அதனைக் கண்டு, தளிர் உண்டா, முதிர்ந்த இலை எவ்வளவு, பூ உண்டா, காய் உண்டா என்று குறித்து வருகின்றனர். வெப்பம் மிகுந்துவரும் இந்நாளில் மரங்களின் பருவம் மாறுகின்றதா என்பதை அத்தகைய குறிப்புக்களால் அறியலாம். ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். பள்ளிக்கு வரும் வழியில் நிற்கும் அரசினையோ வேம்பினையோ தெரிந்துகொள்க. கடைசிப் பழுப்பு உதிர்ந்த நாள், முதற்றளிர் தோன்றிய நாள், அதன் செம்மை மறைந்த நாள் இம்மூன்றையும் ஆண்டுதோறும் எழுதி வருக. செம்மை நிற்பது சில நாள்களே. ஆதலின் அரசு வெறுமையாகிவிட்டால் நாள்தோறும் நோக்குதல் வேண்டும்.