ஆய்வின் வாயில்

நுழையும்முன்

கற்றதைத் தெளிவாக எடுத்துரைப்பது தேர்வு. கல்லாததைத் தேடிக் காண்பது ஆய்வு. அத்தேடலுக்குரிய இடத்தைப் பல்கலைக்கழகத்தில் பெறுவது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கடிதம் திறந்த கதவு

சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய சீனிவாச இராமானுசன், கணிதம் தவிர்த்த பாடங்களில் தேர்ச்சி பெறாமையால் பட்டம் பெறாதவர். கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் இருவரிடம் அவர் நாடிய உதவி கிட்டவில்லை. எனினும் மனம் தளராது, 1913 சனவரியில் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதில் தம்மைப் புகழ்ந்துகொள்ளவில்லை. தாம் கண்ட தேற்றங்களையே அடுக்கினார். ஹார்டி அவரது ஆற்றலை உணர்ந்தார். வானிலை ஆய்வறிஞர் கில்பர்ட் வாக்கரும் அவருக்காகப் பரிந்துரைத்தார். அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகையை வழங்கியது. 1914இல் அவர் கேம்பிரிட்ஜ் சென்றார்.

துறைதோறும் ஒரு வழி

கணிதத்திற்குத் தாளும் சிந்தனையும் போதுமாயின், செய்முறை அறிவியலுக்குக் கைத்திறனும் வேண்டும். புத்தகம் கட்டும் தொழில் பயின்ற மைக்கேல் பாரடே, 1812இல் இலண்டனில் ஹம்ப்ரி டேவியின் உரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். அவற்றை நூலாகக் கட்டி அவருக்கே அனுப்பினார். 1813இல் ஆய்வக உதவியாளரானார். 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார்.

இருவரும் கேட்டது வாய்ப்பு, காட்டியது உழைப்பு. இன்றும் நெறியாளர் ஒருவரை அணுகுமுன் அவரது ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தல் வேண்டும். அவர் ஆராயும் சிக்கல் யாது, அதில் நம் ஆர்வம் எது, நாம் இதுவரை செய்தது என்ன என்பவற்றைச் சுருக்கமாக எழுதுதல் நன்று. ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றிப் பலருக்கு அனுப்புவது பயன் தராது.

இன்றைய வாயில்கள்

இளநிலைப் பட்டம் பயிலும்போதே, இந்திய அறிவியல் கழகங்கள் நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்திற்கு விண்ணப்பிக்கலாம். முதுநிலைக்குப் பின் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல், புவி அறிவியல் ஆகியவற்றில் தேசிய தகுதித் தேர்வு எழுதலாம். அதன்வழி இளநிலை ஆய்வாளராகத் தேர்வு பெறுவோர்க்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் வழங்கப்படுகிறது. பொறியியல் மாணவர்க்குக் கேட் தேர்வும், இயற்பியல் மாணவர்க்கு ஜெஸ்ட் தேர்வும் துணைபுரிகின்றன. சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் கணிதம், இயற்பியல், கணினி அறிவியல் ஆகியவற்றில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடமளிக்கிறது.

தேர்வு மதிப்பெண் வாயில்வரை அழைத்துச் செல்லும். நேர்காணலில் வினவப்படுவது, அறியாததை எதிர்கொள்ளும் முறையே. விடை தெரியாத வினாவை அஞ்சாமல் சிந்திக்கும் பழக்கத்தைப் பள்ளி ஆய்வகத்திலேயே தொடங்கலாம். எதிர்பார்த்த முடிவு வாராத சோதனையை மறைக்காமல் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஏன் வரவில்லை என வினவுங்கள். ஆய்வாளர் உருவாவது அவ்வினாவில்தான்.

கற்பவை கற்றபின்

உமக்கு விருப்பமான அறிவியல் துறையில் விடை காண விழையும் வினா ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனை ஆராய வாய்ப்பு வேண்டிப் பேராசிரியர் ஒருவருக்கு ஒரு பக்க அளவில் கடிதம் எழுதுக.