முதல் தொட்டி வாங்கியிருக்கும் உனக்கு

கண்ணு, தொட்டி வாங்கிவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். மீன் இன்னும் வாங்கவில்லையாம். நல்லதாயிற்று. அதற்குள் இதைப் படித்துவிடு.

1. தொட்டி வந்த வாரத்திலேயே மீனை விடாதே. கொளத்தூர் மீன் கடைகள் பக்கம் போனால் கை பரபரக்கத்தான் செய்யும். பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பு. மீனின் கழிவிலிருந்தும் மிச்ச இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகும். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா, நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை. இவை ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை இரை போட்டு வா. அது அழுகித் தரும் அம்மோனியாதான் அவற்றுக்குச் சாப்பாடு. பழைய தொட்டிக்காரர் யாராவது அழுக்குப் பஞ்சில் ஒரு துண்டு கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். சோதனைத் திரவம் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பூஜ்யம் என்று காட்டிய பிறகு மீன் வாங்கு. தெளிந்த தண்ணீரிலும் நஞ்சு இருக்கும். இதில் கண்ணை நம்பாதே.

2. மெட்ரோ தண்ணீரில் குளோரின் உண்டு. அகன்ற பக்கெட்டில் ஒரு நாள் முழுக்க ஆறவிட்டால் போய்விடும். சில ஊர்களில் குளோரமின் கலக்கிறார்கள், அது ஆறப்போட்டாலும் போகாது. கடையில் ஆன்டி குளோரின் கேட்டு வாங்கு. குளோரமினுக்கும் ஆகுமா என்று பார்த்து வாங்கு.

3. மீனுக்காகத் தண்ணீரை வளைக்காதே, உன் தண்ணீருக்கு ஒத்துப்போகும் மீனை வாங்கு. உங்கள் வீட்டு போர் தண்ணீர் குழாயில் வெள்ளையாகப் படிகிறதல்லவா? அந்தக் கடினநீர் கப்பி, மோலி, பிளாட்டிக்கு மிகவும் பிடிக்கும். நியான் டெட்ராவும் டிஸ்கஸும் அமேசான் பக்கத்து மென்னீரில் பிறந்த இனம். எங்கள் தெருவில் ஒருவர் போர் தண்ணீரில் டிஸ்கஸ்தான் வளர்ப்பேன் என்று அடம்பிடித்தார். காலையில் அமிலச் சொட்டு விட்டு பி.எச்.சை இறக்குவார், தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் மறுபடி அதை ஏற்றிவிடும், மறுநாளும் சொட்டு. பி.எச். ஒரு எண் நகர்ந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு மாறுகிறது என்று பொருள். மீன் எந்தப் பக்கம் பழகும், சொல்? எட்டில் நிலையாக நிற்கும் தண்ணீர், ஏழுக்கும் எட்டுக்கும் அலையும் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். வெறும் ஆர்.ஓ. தண்ணீரையும் ஊற்றாதே, மீனுக்கு வேண்டிய உப்புகள் அதில் இருக்காது.

4. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்று, அது போதும். என் அக்கா ஞாயிறு தவறாமல் தொட்டியைக் கவிழ்த்துக் கல், பஞ்சு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிப் பளபளவென்று வைப்பாள். மீன் செத்துக்கொண்டே இருக்கும். “நம்ம வீட்டுக்கு மீன் ராசியில்லை” என்பாள். குடியேறிய பாக்டீரியாவை வாராவாரம் சாக்கடையில் கொட்டினால் ராசி எங்கிருந்து வரும்? பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழி. சோப்பு பக்கத்திலேயே வரக்கூடாது. சுத்தம் நல்ல குணம்தான், தொட்டி விஷயத்தில் அளவோடு இரு.

5. பெரும்பாலான வெப்பமண்டல மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி வரை சுகம். ஊட்டியில் இருப்பவருக்கு ஹீட்டர் வேண்டும்; சென்னையில் உன் கவலை மே மாதம்தான். தண்ணீர் சூடேறினால் அதில் ஆக்சிஜன் குறையும். மூடியைத் திறந்து மேலே வலை போட்டு, தண்ணீரின் மேல் படும்படி மின்விசிறி வை. ஐஸ் கட்டியை அள்ளிப் போடாதே, திடீர்க் குளிர் வெயிலைவிடக் கெடுதல். கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரி காற்று மோட்டார் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

6. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மட்டும் இரை போடு. கண்ணாடியில் மூக்கை முட்டிக் கெஞ்சும், இரங்காதே. தாத்தா பாட்டி வந்து தங்கும்போது இரை டப்பாவை ஒளித்து வை. பாசம் கொன்ற மீன்கள்தான் நான் பார்த்ததில் அதிகம்.

7. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மருந்துக்கு ஓடாதே. முதலில் தண்ணீரைச் சோதி, கால் பங்கு மாற்று, காற்றைக் கூட்டு. பல மருந்துகள் ஃபில்டர் பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்லும்.

8. என்றைக்காவது வளர்க்க முடியாமல் போனால் மீனைக் கடையிலோ நண்பரிடமோ கொடு. ஏரியிலும் குளத்திலும் விடாதே. தொட்டி அழுக்கைத் தின்னும் என்று வாங்கும் சக்கர் மீன் அப்படி வெளியே போய்ப் பெருகித்தான் இன்று நம் ஏரிகளில் மீனவர் வலையைக் கிழிக்கிறது.