கூடையருகே நிற்க வேண்டும்: அப்ரோச்சுக்கு எந்த ஓவர்ஸ்டேபிள் பட்டர்?

டிஸ்க் கோல்ஃபில் முதல் வீச்சைத்தான் எல்லோரும் வாய் பிளந்து பார்க்கிறார்கள். ஆனால் ஸ்கோர் அட்டையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டாவது வீச்சு. கூடை 40, 60, 80 மீட்டர் தள்ளி நிற்கும்போது, டிஸ்க்கை அதன் அருகே கொண்டுபோய் வைக்கும் அந்த வீச்சுக்கு அப்ரோச் என்று பெயர். கூடையைச் சுற்றி 10 மீட்டர் வட்டத்துக்குள் டிஸ்க் நின்றுவிட்டால், அடுத்த வீச்சில் அந்தக் கூடையை முடிக்க நல்ல வாய்ப்பு உண்டு. வெளியே சறுக்கிப் போனால் இன்னொரு வீச்சு செலவாகும். இந்த வேலைக்காகவே பையில் தனி இடம் பெற்ற கருவி ஓவர்ஸ்டேபிள் பட்டர்: கூடையருகே வீச உதவும் பட்டர் (putter) வகை டிஸ்க்குகளில், இறுதியில் வலுவாகச் சரிந்து இறங்கும் ரகம்.

விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு வரி: கோல்ஃபின் விதிகள்தான், பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக்கூடை. கலிஃபோர்னியாவில் 1975இல் முதல் நிலையான களத்தை அமைத்தவரும், சங்கிலிக் கூடையை வடிவமைத்தவரும் எட் ஹெட்ரிக். இன்று அமெரிக்காவுக்கு அடுத்து பின்லாந்திலும் சுவீடனிலும் இந்த விளையாட்டு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நாம் ஒப்பிடப்போகும் டிஸ்க்குகளும் இந்த மூன்று நாடுகளிலிருந்து வருபவைதான்.

ஓவர்ஸ்டேபிள் ஏன் நம்பகமானது?

வலது கையால் பேக்ஹேண்டில், அதாவது கையை உடலுக்குக் குறுக்கே இழுத்து, வீசும்போது டிஸ்க், மேலிருந்து பார்த்தால், கடிகார முள் திசையில் சுழல்கிறது. வேகம் குறையக் குறைய, காற்று டிஸ்க்கின் முன்விளிம்பை மேலே தூக்கப் பார்க்கிறது. சுழலும் பொருளோ தள்ளிய பக்கம் சாயாது. பம்பரத்தைப் போல அதற்குச் செங்குத்தான திசையில் சாயும். ஆகவே டிஸ்க் இடப்பக்கம் சரிந்து இறங்குகிறது. இந்த இறுதிச் சரிவுதான் ஃபேடு. ஓவர்ஸ்டேபிள் டிஸ்க்கில் இது சீக்கிரமே தொடங்கும், வலுவாகவும் இருக்கும். வேகமாக வீசினாலும், கை சற்றுத் தடுமாறினாலும், எதிர்க்காற்று அடித்தாலும் அது வலப்பக்கம் கவிழ்ந்து ஓடாது. எப்படிப் போனாலும் இடப்பக்கம்தான் முடியும் என்ற உறுதி இருந்தால், தவறு ஒரே பக்கத்தில் மட்டும் நிகழும். ஒரு பக்கத் தவறைக் கணக்கில் வைத்துக் குறிபார்க்கலாம். இரு பக்கமும் நிகழும் தவறுக்குக் கணக்கே போட முடியாது.

நான்கு எண்களில் எதைப் பார்ப்பது?

டிஸ்க்கின் முகத்தில் நான்கு எண்கள் அச்சாகியிருக்கும்: ஸ்பீடு (வேகம்), கிளைடு (மிதப்பு), டர்ன் (வேகமாகப் பறக்கும்போது ஃபேடுக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் அளவு), ஃபேடு (இறுதிச் சரிவு). ஓவர்ஸ்டேபிள் தேடுபவர்கள் நேராக நான்காவது எண்ணுக்குப் போய்விடுகிறார்கள். என் அனுபவத்தில், தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது இரண்டாவது எண்: கிளைடு. இந்த வகைப் பட்டர்களில் பலவற்றுக்கு ஃபேடு 3 என்றே இருக்கும். அதை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. டிஸ்க் காற்றில் எவ்வளவு நேரம் மிதக்கும், தரையைத் தொட்டபின் எவ்வளவு ஓட்டம் மிஞ்சும் என்பதை ஊகிக்க உதவுவது கிளைடுதான். அப்ரோச்சில் நாம் கேட்பது தூரமல்ல, நிறுத்தம்.

ஓர் எச்சரிக்கை: இந்த எண்களை ஒவ்வொரு நிறுவனமும் தானே தருகிறது. ஒரு நிறுவனத்தின் 3ஐயும் இன்னொன்றின் 3ஐயும் தராசில் வைத்ததுபோல் ஒப்பிட வேண்டாம்.

எது, யாருக்கு?

*டிஸ்கிராஃப்ட் ஸோன் (4, 3, 0, 3).* இந்த வகைக்கே அளவுகோலாகிவிட்ட டிஸ்க். உயரம் குறைந்த, தட்டையான உடம்பு. விளிம்பின் அடியில் பீட் எனப்படும் வளையம் கிடையாது. ஆகவே விரல்களிலிருந்து சுத்தமாக விடுபடும். ஃபோர்ஹேண்ட் (உடலுக்குக் குறுக்கே இழுக்காமல், வீசும் கையின் பக்கத்திலிருந்தே வீசுவது) வீசுபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். ஃபோர்ஹேண்டில் மணிக்கட்டின் சொடுக்கால் டிஸ்க் கிளம்பும்போதே தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தை ஸோன் விழுங்கிக்கொண்டு தன் பாதையைப் பிடித்துவிடும். கிளைடு 3 என்பதால் 70, 80 மீட்டருக்கும் அதிகம் உழைக்காமல் எட்டும். குறை ஒன்று: இறுகிய தரையில் தாழ்வாகவும் தட்டையாகவும் வீசினால் விழுந்த இடத்திலிருந்து தாவிப் போகும்.

*வெஸ்ட்சைட் ஹார்ப் (4, 3, 0, 3).* பின்லாந்து நிறுவனத்தின் டிஸ்க். எண்கள் ஸோனுடையவையே. இரண்டுக்கும் நடுவே தயங்குபவர்கள் எண்களை மறந்துவிட்டு இரண்டையும் கையில் பிடித்துப் பாருங்கள். எந்த விளிம்பு உங்கள் விரல்களுக்கு இயல்பாக அமைகிறதோ அதுதான் விடை.

*காஸ்டாபிளாஸ்ட் பெர்க் (1, 1, 0, 2).* சுவீடனிலிருந்து வரும் இது வேறு ரகம். ஃபேடு 2தான், ஆனால் கிளைடு 1. வீசிய வலு தீர்ந்ததும் மிதக்காமல் கீழே இறங்கி, பெரும்பாலும் விழுந்த இடத்தருகே தங்கிவிடும். மேற்பரப்பில் கட்டைவிரல் அமர ஒரு பள்ளம் உண்டு. பேக்ஹேண்டில் துணிந்து, கூடையை நேரே பார்த்து வீச விரும்புபவர்களுக்கு இதைவிட நல்ல துணை குறைவு. தூரம் கூடக் கூட அதிக வலுவைக் கேட்கும் என்பது இதன் விலை. 30 முதல் 50 மீட்டர்தான் இதன் ராஜ்யம்.

*இன்னோவா ரைனோ (2, 1, 0, 3), பிக் (3, 1, 0, 3).* இரண்டிலும் மேல்விளிம்பை ஒட்டி ஒரு மேடு ஓடும். கட்டைவிரல் அதில் அழுந்திப் பிடி கிடைக்கும். குறைந்த கிளைடும் வலுவான ஃபேடும் சேர்ந்தவை. பெர்க் நேராகப் போய் இறங்கும். இவை வளைந்து வந்து இறங்கும். காற்று ஓயாத திறந்த வெளிகளில் விளையாடுபவர்கள் இவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மேட்டுவிளிம்பு எல்லோருக்கும் பிடிப்பதில்லை; கையில் தொட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

*இன்னோவா டோரோ (4, 2, 1, 4), டிஸ்கிராஃப்ட் ஸோன் ஓஎஸ் (4, 2, 1, 5).* இந்த வகையின் எல்லைக்கோடுகள். டர்ன் எண் நேர்மறையில் இருப்பதால், வேகமாகப் பறக்கும்போதுகூட இவை எதிர்ப்பக்கம் அசைவதில்லை. மரத்தைச் சுற்றி வளைக்கவும், பலத்த எதிர்க்காற்றில் குனியாமல் போகவும், வலுவான ஃபோர்ஹேண்டுக்கும் இவை அருமை. கைவேகம் குறைந்தவர்களிடம் இவை பாதி வழியிலேயே இடப்பக்கம் சரிந்துவிடும். முதல் அப்ரோச் டிஸ்க்காக இவற்றை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

*ஆக்சியம் என்வி (3, 3, -1, 2).* பட்டியலில் மிக மிதமானது. வெளிவிளிம்பு தனியே எடை கூடிய பிளாஸ்டிக்கில் ஆனது. சுழற்சி நீடிக்க அது உதவுகிறது. நேராகப் போய்க் கடைசியில் மட்டும் இடப்பக்கம் திரும்பும். 2021இல் யூட்டா மாநிலத்தின் ஆக்டனில் நடந்த உலக சாம்பியன் போட்டியில், கடைசிக் கூடையில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்த ஜேம்ஸ் கான்ராட், 247 அடியிலிருந்து, அதாவது சுமார் 75 மீட்டரிலிருந்து, நேரே சங்கிலிக்குள் வீசி பால் மெக்பெத்தைச் சமன் செய்தார். கூடுதல் ஆட்டத்தில் பட்டத்தையும் வென்றார். அவர் கையில் இருந்தது என்விதான். இந்த விளையாட்டின் மிகப் புகழ்பெற்ற அப்ரோச் வீச்சு மிதமான டிஸ்க்கால் நிகழ்ந்தது என்பதை, ஃபேடு எண்ணைத் துரத்துபவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

தரையும் காற்றும்

ஒரே டிஸ்க் புல்வெளியில் ஒரு மாதிரி, வெயிலில் காய்ந்த மண்ணில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். உங்கள் களம் இறுகிய தரை என்றால் கிளைடு 1 உள்ளவற்றை முதலில் பாருங்கள். ஸோன் ரகமே பிடிக்கும் என்றால் உயரமாக, இடவிளிம்பு நன்கு தாழ்ந்திருக்கும்படி ஹைசர் கோணத்தில் வீசப் பழகுங்கள். விளிம்பு குத்தி நிற்கும், தாவல் குறையும். அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப் போட்டி நடக்கும் சவுத் கரோலினாவின் வின்த்ராப் களத்தில் 17ஆம் கூடையைச் சுற்றி வைக்கோல் கட்டுகளால் வேலி போட்டிருக்கிறார்கள். அதற்குள் விழுந்து, உள்ளேயே நிற்கவும் வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் டிஸ்க் பறக்கும் அழகால் பயனில்லை, தங்கும் குணம்தான் காப்பாற்றும்.

எதிர்க்காற்றில் டிஸ்க்குக்கு மெய்யான காற்றுவேகம் கூடுகிறது. மிதமான பட்டர் வலப்பக்கம் கவிழத் தொடங்கும். அப்போது ரைனோ, டோரோ போன்றவை பிழைக்கும். பின்காற்றில் இதற்கு நேரெதிர்: எல்லா டிஸ்க்கும் சீக்கிரம் தாழ்ந்து, சீக்கிரம் சரியும். அங்கே என்வி போதும்.

பிளாஸ்டிக்கும் எடையும்

மலிவான அடிப்படை பிளாஸ்டிக் கைக்கு நல்ல பிடி தரும், தரையையும் பற்றிக்கொள்ளும். ஆனால் மரத்தில் மோதி மோதி அதன் ஓவர்ஸ்டேபிள் குணம் தேய்ந்துவிடும். உயர்ரக பிளாஸ்டிக் ஆண்டுக்கணக்கில் குணம் மாறாது. ஈரத்தில் வழுக்கும், சற்று அதிகம் தாவும். நம்பகத்தன்மைக்காக வாங்கும் டிஸ்க் என்பதால் உயர்ரகமே நல்லது. அதிலும் மென்மையான கலவை கிடைத்தால் இரண்டு நன்மையும் கிட்டும். எடையில் 170 முதல் 175 கிராம் வரை எடுங்கள். காற்றில் தடுமாற்றம் குறையும்.

முடிவாக

ஃபோர்ஹேண்ட் உங்கள் பலம் என்றால் ஸோன் அல்லது ஹார்ப். பேக்ஹேண்டில் நேராக வீசி நிறுத்த வேண்டும் என்றால் பெர்க். காற்று மிகுந்த களம் என்றால் ரைனோ அல்லது பிக். கைவேகம் இன்னும் வளரவில்லை என்றால் என்வி. டோரோவும் ஸோன் ஓஎஸ்ஸும் இரண்டாவது அப்ரோச் டிஸ்க்காக வரட்டும்.

இரண்டு ரகம் வாங்கும் பணத்தில் ஒரே ரகத்தில் இரண்டு வாங்குங்கள். ஒரு மைதானத்தில் துண்டை விரித்து, 30, 45, 60 மீட்டரிலிருந்து மாறி மாறி வீசுங்கள். துண்டுக்கு எவ்வளவு அருகே விழுந்தது என்பதைவிட, எவ்வளவு அருகே நின்றது என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு தூரத்துக்கும் எவ்வளவு பக்கம் தள்ளிக் குறிவைக்க வேண்டும் என்று கைக்குப் பழகிவிட்டால், நீங்கள் தேர்ந்தெடுத்தது சரியான டிஸ்க்தான். அதன்பின் புது வரவுகளைப் பார்த்து மாற்றாதீர்கள். அப்ரோச்சில் புள்ளியைக் காப்பது நன்கு பழகிய ஒரு டிஸ்க்.