கோர்ஸ் ஃபீஸ் யார் கட்டணும்: நீங்களா, கம்பெனியா?

குமணன்சாவடியில இருந்து மணப்பாக்கத்துக்கு பஸ் பிடிச்சு வேலைக்குப் போற ஒரு கன்சல்டன்ட். அவர்கிட்ட மேனேஜர் சொல்றார்னு வெச்சுக்குவோம்: "இந்த சர்டிஃபிகேஷனை முடிங்க. 60,000 ரூபாய் ஃபீஸை கம்பெனி கட்டிடும். ஆனா 2 வருஷ பாண்டுல கையெழுத்துப் போடணும்." போடலாமா?

1. பலன் யாருக்கு?

பொருளாதார அறிஞர் கேரி பெக்கர், 1964-ல வந்த 'ஹியூமன் கேபிடல்' புத்தகத்துல பயிற்சியை இரண்டா பிரிக்கிறார். ஒன்று, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் உதவுறது. இன்னொன்று, இந்தக் கம்பெனிக்குள்ள மட்டும் உதவுறது. கம்பெனியோட சொந்த சாஃப்ட்வேரைக் கத்துக்கிட்டா, அந்தச் செலவு முழுக்க அவங்களோடது. எங்கேயும் செல்லுபடியாகிற சர்டிஃபிகேட்னா பலன் உங்க கூடவே வரும். அதுல உங்க பங்கைக் கேட்டா, அது நியாயம்தான்.

2. "பாண்ட் எல்லாம் கோர்ட்ல நிக்காது" – உண்மையா?

அப்படி நம்பி கையெழுத்துப் போடாதீங்க. விஜயா பேங்க் வழக்குல, 3 வருஷத்துக்குள்ள வேலையை விட்டா 2 லட்சம் ரூபாய் கட்டணும்ங்கிற நிபந்தனை செல்லும்னு 2025 மே 14-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிடுச்சு. அது பொதுத்துறை வங்கி. புதுசா ஆள் எடுக்க ஆகிற செலவும் நேரமும்தான் அங்கே முக்கிய வாதம். அதுக்காக எந்தத் தொகையை வேணும்னாலும் எழுதி வாங்கிட முடியாது. 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-படி, எழுதின தொகை உச்சவரம்பு மட்டும்தான். அதுக்குள்ள நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும்.

3. கணக்கு போடுங்க

60,000-ஐ 24 மாசத்தால வகுத்தா, மாசம் 2,500 ரூபாய். 18 மாசம் வேலை பார்த்துட்டு கிளம்பினா பாக்கி 6 மாசம், அதாவது 15,000 ரூபாய். புது வேலையில கைக்கு 8,000 கூட வந்தா, இரண்டே மாசத்துல அதை எடுத்துடலாம். ஆனா அதே பாண்டுல "எப்போ போனாலும் 2 லட்சம்"னு இருந்தா? 25 மாசம் ஆகும்!

கையெழுத்துக்கு முன்னாடி கேளுங்க:

- மாசாமாசம் தொகை குறையுமா?
- பில்லுல உள்ள ஃபீஸ் மட்டுமா, வேற ஏதாவது சேர்த்திருக்காங்களா?
- கம்பெனியே வேலையை விட்டு அனுப்பினா பாண்ட் ரத்தாகுமா?
- பரீட்சையில ஃபெயில் ஆனா யார் கட்டணும்?

பதிலை வாய்ப்பேச்சா விடாம மெயில்ல வாங்கி வெச்சுக்கோங்க. நாலுக்கும் சரியான பதில் வரலைன்னா, மாசம் 5,000 சேர்த்து ஒரு வருஷத்துல நீங்களே ஃபீஸ் கட்டிடுங்க. வேலை மாறும்போது யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.