கமக்காரரும் நுளம்பும்

நுளம்பு கடித்தபின் அதனை அடிப்பதற்கே நாம் பழகியிருக்கிறோம்; அது பிறந்த இடத்தைத் தேடிப் பார்ப்பவர் சிலரே. நெல்லும் காய்கறியும் பயிரிடுவோருக்கு இத்தேடல் மிக அவசியம். பயிருக்கு நீர் வேண்டும். நுளம்புக்கும் நீரே வேண்டும். நடுகைக் காலத்தில் வீட்டில் இருவர் காய்ச்சலிற் படுப்பாராயின் அப்போகத்தின் கதி யாதாகும் என்பதைக் கமக்காரருக்கு எடுத்துக் கூறவேண்டியதில்லை.

கடிப்பது பெண் நுளம்பே. முட்டை வளர்வதற்கு அதற்கு இரத்தம் தேவை. நாம் வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமிலவாயு அதனைத் தூரத்திலிருந்தே இழுக்கின்றது. அண்மித்தபின் உடற்சூடும் வியர்வை மணமும் வழிகாட்டுகின்றன. கருநிற உடையும் அதன் கண்ணுக்கு எளிதிற் புலப்படும். நாள் முழுதும் மண்வெட்டி பிடித்து, மாலையில் வரம்பில் இளைப்பாறுபவரை நுளம்பு மொய்ப்பதன் காரணம் இதுவே.

முட்டை, குடம்பி, கூட்டுப்புழு ஆகிய மூன்று பருவங்களும் நீரிலேயே கழிகின்றன. நம் நாட்டு வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாட்களில் நுளம்பு பறந்துவிடும். ஆகவே ஒரு வாரத்துக்குள் நீரை அகற்றினால் அத்தலைமுறை அழியும்.

ஆயினும் எல்லா நுளம்பும் ஒரே நீரை நாடுவதில்லை. மலேரியாவைப் பரப்பிய நுளம்பு, வரட்சியில் ஆறு வற்றும்போது மணற்படுக்கையில் எஞ்சும் தெளிந்த குட்டைகளை விரும்பும். 1934-35 இல் ஏறக்குறைய 80,000 பேரை மாய்த்த கொள்ளைநோய் அவ்வாறு ஆறுகள் வற்றியதன்பின் எழுந்ததே. 2012 இன் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா காணப்படாமையால், 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. எனினும் நோய் நீங்கியதேயன்றி நுளம்பு நீங்கவில்லை. அதே ஆண்டில், கிணற்று நீரிலும் பெருகவல்ல வேறொரு மலேரியா நுளம்பு மன்னாரிற் கண்டுபிடிக்கப்பட்டது. பிறநாடு சென்று திரும்பியவருக்குக் காய்ச்சல் காணின் உடனே இரத்தம் சோதிப்பித்தல் வேண்டும்.

வயலில் நீர் கட்டாதே என்று கமக்காரருக்குக் கூறுவார் அறியாதவர். நாம் கூறுவது வேறு. நாற்று நட்டபின், பயிர் மூடி நிழல் தருவதற்கு முன்னுள்ள வாரங்களிலேயே குடம்பிகள் மிகுதி. யூரியா இட்டபின்னும் அவை பெருகுவதுண்டு. அக்காலத்தில் இடையிடையே சில நாட்கள் நீரை வடியவிட்டால் குடம்பிகள் சேற்றில் மடியும்; நீரும் மிஞ்சும். பூக்கும் தருணத்தில் மட்டும் நீர் குறையலாகாது. வயல் சமமாக இல்லாவிடின் பள்ளங்களிலும் காலடிக் குழிகளிலும் நீர் தங்கி, செய்த வேலை வீணாகும். ஒருவர் வயல் வடிய அடுத்த வயல் நிரம்பி நின்றாலும் பயனில்லை. வாய்க்காற் பங்காளிகள் கூடிப் பேசியே இதைச் செய்தல் வேண்டும்.

வயல் நுளம்புகளுட் சில மூளைக்காய்ச்சலைப் பரப்புவன. அந்நோய்க் கிருமி கொக்கு முதலிய நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் பெருகுவதால், பன்றிக் கொட்டிலை வயலுக்கும் வீட்டுக்கும் தொலைவில் அமைத்தல் நன்று. தேவையின்றிக் கிருமிநாசினி தெளித்தலும் ஆகாது. குடம்பிகளைத் தின்னும் சிறு மீன்களும் தும்பியின் இளம்பருவங்களும் அதனால் இறக்கின்றன. நுளம்போ நாளடைவில் மருந்துக்கு அஞ்சாததாகிவிடும். டி.டி.ரி. மருந்து அவ்வாறே பயனற்றுப் போயிற்று.

தோட்டக்காரரின் பகை டெங்கு நுளம்பு. அது பகலிற் கடிப்பது. 2017 இல் 1,86,000 பேருக்கு மேல் நோயுற்றனர். மருந்து கலக்கும் பீப்பா, வெற்றுப் பேணி, சிரட்டை, இளநீர்க் கோம்பை, பழைய ரயர் ஆகியவற்றில் மழைநீர் சிறிது தேங்கினும் போதும். அதன் முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டிப் பல மாதம் உலர்ந்து கிடந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். எனவே தொட்டியின் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரந்தோறும் உட்சுவரைத் தும்புத்தடியால் நன்கு உரஞ்சிக் கழுவுதல் வேண்டும். மூட இயலாத தோட்டக் கிணறுகளிற் குப்பி மீன்களை விடலாம். குளோரீன் இட்டு மீன் இறந்தால், சில நாட்களின்பின் மறுபடியும் விடுக.