நான்கு வாக்கும் ஒரு வாக்கும்

ஆறாம் வகுப்புக் குடிமையியலில் உள்ளாட்சி அமைப்புப் பாடத்தை ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று கரும்பலகையில் வரிசையாக எழுதி முடித்துவிடலாம். தேர்வுக்கு அது போதும். ஆனால் என் வகுப்பில் பேரூராட்சிப் பிள்ளைகளும் அதை ஒட்டிய ஊராட்சிப் பிள்ளைகளும் கலந்தே இருக்கிறார்கள். "எங்க ஊரைப் பேரூராட்சியோட சேர்த்துட்டா அம்மாவுக்கு நூறு நாள் வேலை போயிடுமா டீச்சர்?" என்று கேட்ட மாணவிக்கு அந்த வரிசையில் விடை இல்லை.

அவள் அச்சம் சரியானதுதான். வேலை உறுதிச் சட்டம் ஊரகப் பகுதிகளுக்கே உரியது. தெருவிளக்கு, குப்பை அகற்றல் போன்றவை மேம்படலாம், வரியும் கூடலாம். அதனால் 'தரம் உயர்வு' என்ற சொல்லை வகுப்பில் தவிர்த்து, 'வகை மாற்றம்' என்றே சொல்கிறேன்.

பிள்ளைகளை அதிகம் ஈர்ப்பது வாக்குக் கணக்கு. ஊராட்சியில் வாழ்பவருக்கு நான்கு வாக்குகள்: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் குழு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர். பேரூராட்சியில் 2022 தேர்தலில் ஒரே வாக்குதான். அதில் வென்ற வார்டு உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் அந்தத் தலைவரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்!

இந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்வதைவிட நடத்திக் காட்டுவது எளிது. 35 பேரை ஏழு ஏழு பேராக ஐந்து வார்டுகளாகப் பிரியுங்கள். தலைவர் பதவிக்கு 'அ' அணி, 'ஆ' அணி என இரண்டு அணிகள். மூன்று வார்டுகளில் 'அ' அணிக்கு 4, 'ஆ' அணிக்கு 3 வாக்குகள். மற்ற இரண்டு வார்டுகளில் ஏழு வாக்குகளும் 'ஆ' அணிக்கே விழுமாறு சீட்டுகளை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். நேரடித் தேர்தல் என்றால் 23க்கு 12 என்று 'ஆ' வெல்கிறது. மறைமுகத் தேர்தலில் மூன்று வார்டுகளைப் பிடித்த 'அ' அணியே தலைவராகிறது. வகுப்பில் எழும் கூச்சலுக்குப் பக்கத்து வகுப்பாசிரியரிடம் முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. எது நியாயம் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். உறுப்பினர்களின் ஆதரவு இல்லாத தலைவரால் தீர்மானங்களை நிறைவேற்ற முடியுமா என்று மட்டும் கேளுங்கள். வாதம் மறுபக்கம் திரும்பும்.

நிர்வாகத்திலும் வேறுபாடு உண்டு. ஊராட்சியில் செயல் அதிகாரம் தலைவரிடமே இருக்கிறது. பேரூராட்சியில் அரசு நியமிக்கும் செயல் அலுவலரிடம். ஊராட்சியின் வாக்காளர் ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். வரவு செலவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வீட்டுவரி ரசீதின் தலைப்பில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறது, கடைசி உள்ளாட்சித் தேர்தலில் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை வாக்குகள் போட்டார்கள் என்ற இரண்டையும் கேட்டுவரச் சொல்லலாம். பேரூராட்சிப் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் இன்னொன்றும் விசாரிக்கட்டும். 2004இல் தமிழ்நாட்டின் பெரும்பாலான பேரூராட்சிகள் சிறப்புச் சிற்றூராட்சிகளாக மாற்றப்பட்டு, 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. அந்த இரண்டு ஆண்டுகளில் தங்கள் தெருவில் என்ன மாறியது, என்ன மாறவில்லை?