“நாங்கள் வெறும் தளம்தான்” என்று செயலி கைவிரிக்க முடியுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. சிறுநீர் போகும்போது எரிச்சல் என்று, போன பங்குனியில் ஒரு மருத்துவ ஆலோசனைச் செயலியில் முதல் தடவையாக 399 ரூபாய் கட்டினோம். ‘சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது’ என்று படிவத்திலேயே எழுதியிருந்தோம். செயலி ஒதுக்கிய டாக்டர் சாட்டில் நாலைந்து கேள்வி கேட்டுவிட்டு, சல்ஃபா வகை ஆன்டிபயாடிக் மாத்திரையையே எழுதிவிட்டார். சீட்டு எங்களைக் கேட்காமலே அவர்களுடைய மருந்தகத்துக்குப் போய், அன்று மாலையே மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டது. இரண்டாம் நாள் உடம்பெல்லாம் கொப்புளம், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நிறுவனத்திடம் கேட்டால், “டாக்டர் எங்கள் ஊழியர் அல்ல, நாங்கள் வெறும் தளம்தான், பெங்களூரில் நடுவர் மன்றத்துக்குப் போங்கள்” என்கிறார்கள். வழக்குப் போட வழி உண்டா?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: உண்டு. டாக்டர், நிறுவனம் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்து, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இதில் டாக்டரின் தவறைக் காட்டுவது அவ்வளவு சிரமமில்லை. நோயாளியை நேரில் பார்க்காமல் தொலைபேசியில் மருந்து சொல்லும் பழக்கத்தை, அவசர நேரம் தவிர மற்ற சமயங்களில் தவிர்க்க வேண்டும் என்று 2009-லேயே மார்ட்டின் டிசூசா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொரோனா ஊரடங்கு தொடங்கிய கையோடு, 25.3.2020 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் அந்தக் கதவைத் திறந்துவிட்டன. ஆனால் அகலத் திறக்கவில்லை. முதல் ஆலோசனை வெறும் சாட்டில் நடந்தால், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பாராசிட்டமால், உப்பு-சர்க்கரைக் கரைசல் போன்றவற்றைத்தான் எழுதலாம். அதற்கு மேல் போக வேண்டுமானால் வீடியோவில் பார்த்தாக வேண்டும். ஆகவே ஒவ்வாமை விவகாரத்துக்குப் போவதற்கு முன்பே டாக்டர் விதியை மீறியிருக்கிறார். விதிமீறல் என்பதாலேயே கவனக்குறைவு நிரூபணமாகிவிடாது என்று அவர் தரப்பு வாதாடும், அது சரியும்கூட. ஆனால் ஒத்துக்கொள்ளாது என்று எழுதிக் கொடுத்த மருந்தையே கொடுத்ததற்கு என்ன விளக்கம் சொல்வார்? கண்கூடான தவறுகளுக்கு நிபுணர் சாட்சியம் தேவையில்லை என்று 2010-ல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

உண்மையான சண்டை நிறுவனத்தோடுதான். தளமா, மருத்துவச் சேவையா என்பதை ‘விதிமுறைகள்’ பக்கத்தில் அவர்கள் எழுதிக்கொண்டதை வைத்து முடிவு செய்ய முடியாது. என்ன செய்தார்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டாக்டரைத் தேர்ந்தெடுத்தது நீங்கள் அல்ல, செயலி ஒதுக்கியது. கட்டணத்தை வைத்தது செயலி. ஒவ்வாமைக் கேள்வியைக் கேட்டதும் செயலியின் படிவம்தான். மருந்து விற்ற லாபமும் அவர்களுக்கே. இதே வாதத்தை ஆஸ்பத்திரிகள் முன்பே சொல்லிப் பார்த்திருக்கின்றன: ‘அந்த டாக்டர் எங்கள் சம்பளக்காரர் அல்ல, ஒப்பந்தத்தில் வந்து போகிறவர்’ என்று. 2004-ல் சவிதா கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நோயாளி ஆஸ்பத்திரியை நம்பி வருகிறார். டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையிலான உள் ஏற்பாடு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கவனக்குறைவு இல்லை என்று காட்டும் பொறுப்பு ஆஸ்பத்திரிக்கே என்றது. செயலி ஆஸ்பத்திரி அல்ல என்று எதிர்தரப்பு சொல்லும். அது நேர்மையான வாதம்தான். தீர்ப்பு செயலிகளைப் பற்றியதும் அல்ல. ஆனால் அதன் அடிப்படை கட்டடத்திலோ கட்டிலிலோ இல்லை, நோயாளி யாரை நம்பிப் பணம் கட்டினார் என்பதில் இருக்கிறது.

அடுத்து அவர்கள் எடுக்கப்போவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு. பிறர் தரும் தகவலுக்கு இடைநிலையாளர் பொறுப்பாக மாட்டார் என்பது அதன் சாரம். வியாபாரத்தில் தாமே பங்கெடுக்கும் தளத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று 2018-ல் லூபுட்டான் காலணி வழக்கில் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னார். சட்டத்தில் அப்படியொரு பாகுபாடே இல்லை என்று 2020-ல் ஆம்வே வழக்கில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு சொன்னது. இந்த இழுபறிக்குள் நீங்கள் சிக்க வேண்டாம் என்பது என் ஆலோசனை. டாக்டர் அனுப்பிய செய்திக்கு நிறுவனம் பொறுப்பு என்று புகாரை எழுதாதீர்கள். நிறுவனத்தின் சொந்தச் சேவையிலேயே குறைபாடு என்று எழுதுங்கள்: ஒவ்வாமையைக் கேட்டு வாங்கிவிட்டு அதற்கு முரணான சீட்டைத் தடுக்கவில்லை, சாட்டில் எழுதக் கூடாத மருந்தை எழுத விட்டார்கள், நோயாளியின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் சீட்டை நேராக மருந்தகத்துக்கு அனுப்பக் கூடாது என்ற வழிகாட்டுதல் மீறப்பட்டது. இவை எதுவும் ‘பிறர் தந்த தகவல்’ அல்ல. மருத்துவ கவுன்சிலிடம் புகார் செய்தால் டாக்டரின் பதிவைத்தான் தொட முடியும். வழிகாட்டுதலை மீறும் தளத்தைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கலாம் என்பதற்கு மேல் அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. இழப்பீட்டுக்கு நுகர்வோர் சட்டம்தான் வழி.

இப்படிப் பொறுப்பைச் சுமத்தினால் ஸ்டார்ட்-அப் நிறுவனங்கள் மூடிவிடும், சிற்றூர் நோயாளிக்குச் சிறப்பு மருத்துவர் எட்டாமல் போவார் என்ற கவலையை ஒதுக்கிவிட முடியாது. தொலைமருத்துவம் தென்காசிக்காரரையும் ராமநாதபுரத்துக்காரரையும் பஸ் ஏறாமல் காப்பாற்றும் ஏற்பாடு. ஆனால் 1995-ல் வி.பி.சாந்தா வழக்கில் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வந்தபோதும் இதே அச்சம் எழுந்தது. தனியார் மருத்துவமனைகள் அதற்குப் பிறகுதான் பெருகின. தவிர, எல்லோருக்கும் முற்றிலும் இலவசமான சேவையை அந்தத் தீர்ப்பு சட்டத்துக்கு வெளியே வைத்தது. அரசின் இ-சஞ்சீவனி போன்றவை இதனால் தப்பிக்கும். சிலரிடம் கட்டணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகத் தரும் சேவைக்கு அந்த விலக்கு கிடையாது. ‘முதல் ஆலோசனை இலவசம்’ என்று ஆள் பிடிக்கும் செயலிகள் இதைக் கவனிக்க வேண்டும். நோயாளி பதிந்த ஒவ்வாமையோடு மருந்துப் பெயரை ஒப்பிட்டு எச்சரிப்பது மென்பொருளுக்கு மிகச் சின்ன வேலை. அதைச் செய்ய வசதியுள்ளவரிடம் பொறுப்பைக் கொடுப்பதில் அநியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பெங்களூரு நடுவர் மன்றம் என்ற நிபந்தனை உங்களைக் கட்டாது. நடுவர் ஒப்பந்தம் இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்று 2018-ல் எமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யும் உரிமையை 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின் 34-வது பிரிவு தருகிறது. எந்த ஆணையம் என்பது நீங்கள் கட்டிய 399 ரூபாயை வைத்து முடிவாகும், கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல; தாக்கல் கட்டணமும் இல்லை. கிரிமினல் புகார் இப்போது வேண்டாம். அதற்கு மிக மோசமான கவனக்குறைவைக் காட்ட வேண்டியிருக்கும். முதலில் செயலியில் உள்ள படிவம், சாட், பணம் கட்டிய ரசீது, டாக்டரின் பதிவு எண்ணோடு கூடிய சீட்டு எல்லாவற்றையும் இன்றே படம் பிடித்து வைத்துவிடுங்கள். கணக்கை முடக்கிவிட்டால் கிடைக்காது. ஆஸ்பத்திரியில் எழுத்து மூலம் மருத்துவ ஆவணங்களைக் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கொப்புளத்துக்கு இந்த மருந்துதான் காரணம் என்று டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கின் பலம் பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. புகாருக்கான காலக்கெடு இரண்டு ஆண்டு. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரோடு மின்னஞ்சல் போக்குவரத்து நடந்துகொண்டிருப்பதால் அந்தக் கெடு நீளாது.